குருபரப்பள்ளிச் செர்ரிகள்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில், சூளகிரிக்கு முன்னால் வருகிறது குருபரப்பள்ளி. மாந்தோப்புகளும் பாறைக் கரடுகளுமாக இருந்த நிலத்தில் சிப்காட் தொழிற்பேட்டை வந்து, சுற்றுச்சுவர்களும் லாரிகளும் பெருகிவிட்ட ஊர். இங்கே 'செர்ரி' என்ற பெயரில் மூன்று தாவரங்களாவது புழங்குகின்றன. சாலையோரத்தில் குடைபோல் விரிந்து நிற்கும் மரத்தின் சிவந்த சிறுபழம் ஒன்று. பேக்கரியில் கேக்கின் உச்சியில் ஒட்டிவைத்திருக்கும் சிவப்புப் பழம் இன்னொன்று. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பெங்களூரில் பூத்து, எல்லை தாண்டி நம் கைப்பேசிகளுக்கும் வந்துசேரும் இளஞ்சிவப்பு 'செர்ரிப் பூ' மூன்றாவது.

மூன்றில் ஒன்றுகூடத் தாவரவியல் கணக்கில் செர்ரி இல்லை. மூன்றில் ஒன்றுதான் இந்த மண்ணில் பிறந்தது. அது எது என்று கேட்டால், சாலையோர மரத்தைத்தான் பெரும்பாலோர் காட்டுவார்கள். காரணமும் சொல்வார்கள்: யாரும் நடவில்லை, தானாகவே முளைத்தது, தண்ணீர் ஊற்றாமலே வளர்ந்தது. காட்டு மரத்தையும் வெளியிலிருந்து வந்த மரத்தையும் பிரித்தறிய நாம் பயன்படுத்தும் முதல் அளவுகோல் இதுதான். குருபரப்பள்ளியில் அது தலைகீழாகத் தவறுகிறது.

முதலில், மெய்யான செர்ரி எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம். ரோஜாக் குடும்பத்தில் புரூனஸ் என்ற பேரினம் இருக்கிறது. பிளம், பீச், ஆப்ரிகாட், வாதுமை எல்லாம் அதில்தான் அடங்கும், செர்ரியும் அதில்தான். இலைகள் மாற்றடுக்கில் அமைந்தவை. பெரும்பாலும் ஓரத்தில் அரம்போன்ற பற்கள் இருக்கும். இலைக்காம்பிலோ இலையின் அடியிலோ சிறு பருக்கள் போன்ற சுரப்பிகள் தென்படும். பல செர்ரி மரங்களின் பட்டை செம்பழுப்பாகப் பளபளக்கும். அதில் படுக்கைவாட்டில் கோடுகள் ஓடும். பூவில் ஐந்து இதழ்கள், ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். அவையும் திரளான மகரந்தத் தாள்களும் ஒரு சிறு கிண்ணத்தின் விளிம்பிலிருந்து கிளம்பும். பழத்துக்குள் ஒரே ஒரு கொட்டை. இலையையோ பட்டையையோ கசக்கினால் பல இனங்களில் கசப்பு வாதுமையின் மணம் வரும். பூச்சிகளும் விலங்குகளும் தின்றுவிடாமலிருக்க மரம் சேர்த்துவைத்திருக்கும் வேதிப்பொருள் உடைந்து, சிறிதளவு சயனைடும் கூடவே அந்த மணமும் வெளிப்படுவதால் உண்டாவது அது.

கடையில் விற்கும் இனிப்புச் செர்ரி பூக்க வேண்டுமானால் குளிர்காலத்தில் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பல நூறு மணி நேரம், சில வகைகளுக்கு ஆயிரத்துக்கும் மேல், மரம் உறங்கிக் கிடக்க வேண்டும். காஷ்மீரிலும் இமாசலத்திலும் அந்தக் குளிர் கிடைக்கிறது. மார்கழியிலும் 10 டிகிரிக்குக் கீழே போக யோசிக்கும் குருபரப்பள்ளியில் கிடைக்காது. நாற்றங்காலில் 'செர்ரிக் கன்று' என்று யாராவது விற்றால், அது வேறு ஏதோ ஒன்று என்பதை இலையைப் பார்க்காமலே முடிவு செய்துகொள்ளலாம்.

சாலையோர மரத்துக்கு வருவோம். சிங்கப்பூர் செர்ரி என்றும் தேன்பழம் என்றும் சர்க்கரைப்பழம் என்றும் நம் பக்கத்தில் சொல்கிறார்கள். எல்லைக்கு அப்பால் கன்னடத்தில் கசகசே ஹண்ணு. பழத்தைப் பிட்டால் கசகசா போல விதைகள் கொட்டுவதால் வந்த பெயர். இலங்கையில் அதையே ஜாம் பழம் என்பார்கள். தாவரவியலில் முன்டிஞ்சியா கலபூரா. 17ஆம் நூற்றாண்டின் டச்சுத் தாவரவியலாளர் ஆபிரகாம் முன்டிங்கின் நினைவாக வைத்த பெயர்.

இதைச் செர்ரி என்று சொல்பவர்களை எளிதில் குறைசொல்ல முடியாது. மேலே சொன்ன அடையாளங்களில் பாதியை இந்த மரம் தாண்டிவிடுகிறது. இலைகள் மாற்றடுக்கில் இருக்கின்றன. ஓரத்தில் பற்கள் இருக்கின்றன. பூவில் ஐந்து தனித்தனி வெள்ளை இதழ்கள், நடுவே மஞ்சளாகத் திரண்ட மகரந்தத் தாள்கள். தொலைவிலிருந்து எடுத்த புகைப்படத்தை வைத்துப் பெயர் சொல்லும் கைப்பேசிச் செயலிகள் இதில் இடறினால் வியப்பதற்கில்லை.

ஆனால் கையில் எடுத்துப் பார்த்தால் விவகாரம் உடனே தீர்ந்துவிடும். இலையின் அடிப்பகுதி கோணலாக இருக்கும். நடுநரம்பின் ஒரு புறம் கீழே இறங்கியும் மறுபுறம் ஏறியும் நிற்கும். செர்ரி இலையில் ஒற்றை நடுநரம்பிலிருந்து பக்க நரம்புகள் பிரியும். இதிலோ இலையின் அடியிலிருந்தே மூன்று நான்கு நரம்புகள் விரல்போல் கிளம்புகின்றன. இளங்கிளையைத் தொட்டால் மென்முடிகளில் பிசுபிசுப்பு. காம்பில் சுரப்பி இல்லை. கிளைகள் படுக்கையாக நீண்டு, இலைகள் இரண்டே வரிசையில் விசிறிபோல் அடுக்கி நிற்கின்றன. பூக்கும்போது காம்பு இலைத்தட்டுக்கு மேலே நிமிர்கிறது. இதழ் உதிர்ந்தபின் கீழே வளைந்து, பழம் இலைக்கு அடியில் தொங்குகிறது. பூக்கள் மேலேயும் பழங்கள் கீழேயுமாக ஒரே கிளையில் தெரிவது இந்த மரத்துக்கே உரிய அடையாளம். எல்லாவற்றையும் விட உறுதியான சோதனை பழத்தில் இருக்கிறது. செர்ரியில் ஒரு கொட்டை. இதில் நாவில் நறநறக்கும் சில ஆயிரம் பொடி விதைகள்.

இது செர்ரி இல்லை என்று அறிவது ஒன்று. இந்த நாட்டு மரம் இல்லை என்று அறிவது வேறு ஒன்று. இலையிலும் பூவிலும் பிறப்பிடம் எழுதியிருப்பதில்லை. எத்தனை முறை உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தாலும், ஒரு மரம் அயல்நாட்டிலிருந்து வந்ததா என்பதை அந்த மரம் சொல்லாது. அதற்கு வேறு வகைச் சான்றுகள் வேண்டும்.

முதல் சான்று உறவினர்கள். முன்டிஞ்சியா பேரினத்தில் இந்த ஓர் இனம் மட்டுமே உண்டு. 1998இல் மரபணு ஆய்வின் அடிப்படையில் இதற்கெனத் தனிக் குடும்பம் பிரிக்கப்பட்டபோது, அதில் சேர்ந்தவை மொத்தம் மூன்று பேரினங்கள். மூன்றும் வெப்பமண்டல அமெரிக்காவில்தான் இயற்கையாக வாழ்கின்றன. நம் மரத்தின் தாயகமும் தெற்கு மெக்சிகோவிலிருந்து கரீபியத் தீவுகள் வழியாகத் தென் அமெரிக்காவின் வடமேற்கு வரை நீள்கிறது. ஒரு குடும்பம் முழுவதும் அமெரிக்கக் கண்டங்களில் இருக்க, ஒரே ஓர் உறுப்பினர் மட்டும் கிருஷ்ணகிரி மாவட்டத்து நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றால், அது எங்கிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை.

அப்படியானால் யாரும் நடாமல் எப்படி முளைக்கிறது? இந்தப் பழத்தை விரும்பாத உயிர் குறைவு. பகலில் அணில்கள், மைனாக்கள், கொண்டைக்குருவிகள், மிகச் சிறிய பூங்கொத்திகள். இரவில் குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால்கள். பழச்சாற்றோடு உள்ளே போகும் பொடி விதைகள் எச்சத்தில் முழுதாக வெளியே வருகின்றன. வௌவாலும் பறவையும் உட்கார்ந்து எழும் இடங்களான மின்கம்பி அடிகள், மதில் ஓரங்கள், கல்வெர்ட்டு விளிம்புகள் எல்லாம் இதற்கு நாற்றங்கால். நிழலில் இந்த விதை முளைக்காது; திறந்த வெளிச்சமும் கிளறிவிட்ட மண்ணும் வேண்டும். தொழிற்பேட்டைக்காக நிலத்தைச் சமன்படுத்திப் புதர்களை அகற்றிய இடம் இதற்கு உகந்தது. முளைத்த இரண்டு ஆண்டுகளுக்குள் காய்த்தும் விடும். அமெரிக்கத் தாயகத்திலும் இது காடு அழிந்த வெட்டவெளியில் முதலில் வந்து குடியேறும் முன்னோடி மரம்தான். குருபரப்பள்ளியில் அதே பழைய வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. தானாக முளைப்பதற்கு அயல் மரம் என்பது தடையில்லை; மனிதர் கிளறிய மண்ணில் பெரும்பாலும் அயல் மரம்தான் முந்திக்கொள்கிறது.

இதனால் இந்த மரத்தை வெட்டிச் சாய்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கோடையில் பறவைக்கும் வௌவாலுக்கும் இவ்வளவு இடைவிடாமல் தீனி போடும் மரம் இந்தச் சாலையில் வேறு அதிகம் இல்லை. டீக்கடை பெஞ்சுக்கு நிழலும் இதுதான். அயலிலிருந்து வந்தவை, வந்து தானே பெருகுபவை, பெருகி மற்றவற்றை நெரிப்பவை ஆகிய மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. நம் குழம்பில் கரையும் புளியின் பூர்வீகமும் ஆப்பிரிக்காதான். உண்ணிச்செடி கரடுகளை மூடிக்கிடக்கும் மாவட்டத்தில், தேன்பழ மரத்தின் மேல் கோடரியை ஓங்குவது எனக்கு அர்த்தமுள்ளதாகப் படவில்லை.

இனி பேக்கரிக்குப் போகலாம். கர்நாடகத்துப் பாணி ஐயங்கார் பேக்கரிகள் எல்லைக்கு இப்பாலும் நிறைய. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் கேக்கின் மேல் பளபளக்கும் சிவப்புப் பழம் இறக்குமதியான செர்ரி என்று நினைக்கிறோம். இந்தியாவில் மலிவான கேக், பன், ஐஸ்கிரீம் மேல் வரும் 'செர்ரி' பெரும்பாலும் களாக்காய். காயை உப்புநீரில் ஊறப்போட்டு, விதையை நீக்கி, சிவப்புச் சாயமேற்றி, சர்க்கரைப் பாகில் படிப்படியாக ஊறவைத்தால் வடிவத்திலும் நிறத்திலும் செர்ரியாகிவிடும். அதே பன்னுக்குள் இருக்கும் டுட்டி ஃப்ருட்டி பப்பாளிக்காய் என்பதைப் பலர் அறிவார்கள். களாவின் வேடம் இன்னும் அவ்வளவாகக் கலையவில்லை.

களாவை அடையாளம் காண்பது எளிது. செர்ரியோடு ஒரு விதத்திலும் சேராத குடும்பம். அரளியும் நந்தியாவட்டையும் இதன் உறவினர். இலையைக் கிள்ளினால் பால் வடியும். இலைகள் எதிரெதிராக அமைந்தவை. ஓரத்தில் பல் கிடையாது. இணை இணையாக நிற்கும் முள், சில சமயம் கவட்டையாகப் பிரிந்திருக்கும். வெள்ளைப் பூவின் இதழ்கள் அடியில் ஒட்டிக் குழலாக இருக்கும். மல்லிகையை நினைவூட்டும் வாசனை. பழத்துக்குள் தட்டையான சில விதைகள். இரண்டு வகைகளைத்தான் சற்றுக் கவனித்துப் பிரிக்க வேண்டும். பெருங்களா, பேக்கரிக்கும் ஊறுகாய்க்கும் போகும் பெரிய காய். இலை நுனி மழுங்கியிருக்கும். கரடுகளில் புதராக நிற்கும் சிறுகளாவின் இலை சிறியது, நுனி கூரியது, பழம் சுண்டைக்காய் அளவில் கறுத்திருக்கும். ஆடு மேய்ப்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

களா இந்த மண்ணுக்கு உரியது என்பதற்கு உறவினர் சான்று மட்டுமின்றி, வேறெந்தச் 'செர்ரி'க்கும் இல்லாத இலக்கியச் சான்றும் உண்டு. புறநானூற்றில் சீறியாழின் கரிய கோட்டுக்குக் களாக்கனி உவமையாகிறது. பதிற்றுப்பத்தில் நான்காம் பத்தின் தலைவனாகிய சேரனின் பெயரிலேயே அது இருக்கிறது: களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரல். காப்பியாற்றுக் காப்பியனார் பாடிய அந்த அரசன், களங்காய்க் கண்ணியும் நாரால் ஆன முடியும் சூடியவன். அமெரிக்கக் கண்டத்தோடு கடல்வழித் தொடர்பு ஏற்படுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்னால், இந்தக் காயின் நிறமும் உருவமும் கேட்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லாத அளவு பழகியிருந்தன. ஆக, குருபரப்பள்ளியின் மூன்று 'செர்ரி'களில் மண்ணின் தாவரம் இதுவே. இன்று அதைப் பார்க்க வேண்டுமானால் ஆடு கடித்துக் குட்டையாக்கிய கரட்டுப் புதர்களுக்கோ, வேலிக்காக யாரோ நட்ட வரிசைக்கோ போக வேண்டியிருக்கிறது. நட்டு வளர்ப்பது உள்ளூர்த் தாவரம், தானே முளைப்பது அயல் தாவரம்.

பெங்களூர்ச் 'செர்ரிப் பூ'வுக்கு அதிக இடம் தேவையில்லை. அது டபெபூயா ரோசியா. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்தது, எல் சால்வடோரின் தேசிய மரம். பெங்களூரின் சாலைகளில் திட்டமிட்டு நட்ட வெளிநாட்டுப் பூமரங்களில் ஒன்று. ஓசூர்ப் பக்கத்துப் புது மனைப்பிரிவுகளிலும் இப்போது தலைகாட்டுகிறது. கீழே விழுந்த ஒரு பூவை எடுத்தால் போதும்: முழுப் பூவும் ஒரே ஊதுகுழலாகக் கையில் வரும். செர்ரியானால் தனித்தனி இதழ்கள்தான் உதிர்ந்து கிடக்கும். இலை ஐந்து சிற்றிலைகளாக விரல்போல் விரியும். காய் நீண்ட நெற்று; உள்ளே காற்றில் பறக்கும் சிறகு விதைகள்.

இதுவரை சொன்னவை எல்லாம் வெவ்வேறு குடும்பங்கள் என்பதால், பிரித்தறிவது ஒரு நிமிட வேலை. சிக்கல் தொடங்குவது ஒரே பேரினத்துக்குள் காட்டு மரமும் வந்த மரமும் அருகருகே நிற்கும்போதுதான். நம் ஊரில் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு, அண்மைக்காலம் வரை ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த வன்னியும் சீமைக்கருவேலும். பின்னது 1877 வாக்கில் ஜமைக்காவிலிருந்து விதையாக வந்தது. சீமைக்கருவேலின் முள் இலை கிளம்பும் கணுவில் இணையாக நிற்கும்; வன்னியின் சிறு முட்கள் கணுக்களுக்கு இடையே சிதறியிருக்கும். இவ்வளவு சிறிய வேறுபாடு தெரியாததால், சீமைக்கருவேல் அகற்றும்போது வன்னிக் கன்றும் சேர்ந்து போய்விடும் ஆபத்து எப்போதும் உண்டு.

மெய்யான செர்ரிகளிலும் இதே கதைதான். ஐரோப்பாவின் நாட்டு மரம் பறவைச் செர்ரி. அங்கே அமெரிக்காவிலிருந்து கொண்டுபோய் நட்ட கருஞ்செர்ரி பல காடுகளில் கட்டுக்கடங்காமல் பரவியது. இரண்டும் வெள்ளைப் பூக்களைச் சரமாகத் தொங்கவிடும். இரண்டின் பழமும் கறுப்பு. வந்த மரத்தின் பழத்தடியில் புல்லிவட்டம் உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும். நாட்டு மரத்தில் உதிர்ந்துவிடும். வந்ததன் இலையைத் திருப்பினால் நடுநரம்பை ஒட்டி நெருக்கமான முடிவரிசை தெரியும். ஜப்பானில் இன்னும் நுட்பமான சங்கதி. செர்ரியையே பண்பாடாகக் கொண்டாடும் அந்த நாட்டில், கீ தீபகற்பத்தில் சீக்கிரம் பூக்கும் ஒரு காட்டுச் செர்ரி தெரிந்த இனத்தின் வேறுபாடாகவே கருதப்பட்டு வந்தது. தோஷியோ கட்சுகி 2018இல்தான் அதைக் குமனோ செர்ரி என்று தனி இனமாக விவரித்தார். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே சேர்ந்த புதிய காட்டுச் செர்ரி அது. பூங்காக்களில் ஒட்டுப்போட்டு வளர்க்கும் சோமேய் யோஷினோவின் மகரந்தம் காட்டு மரங்களோடு கலந்துவிடுமோ என்ற கவலையும் அங்கே உண்டு. கலந்துவிட்டால் எந்த அடையாளப் பட்டியலும் உதவாது. மரபணுச் சோதனை ஒன்றே வழி.

இந்தியாவின் காட்டுச் செர்ரியான புரூனஸ் செரசாய்டிஸ் இமயமலைச் சரிவுகளிலிருந்து மேகாலயம் வரை வளர்கிறது. வசந்தத்தை விட்டுவிட்டு அக்டோபர், நவம்பரில் பூக்கும். 2016 முதல் ஷில்லாங்கில் நவம்பரில் நடக்கும் செர்ரிப் பூ விழா இந்த மரத்தை முன்வைத்தது. அந்த நகரச் சாலைகளில் நிற்பவற்றில் பல நட்டவை. ஆனால் இனமோ அந்த மலைக்கு உரியது.

தமிழ்நாட்டுக்கும் ஒரு காட்டு புரூனஸ் உண்டு என்பது பலருக்குத் தெரியாது: புரூனஸ் செய்லானிகா. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான பசுமைமாறாக் காடுகளிலும் சோலைகளிலும் வளரும் பெரிய மரம். முதலில் விவரித்தவர் ராபர்ட் வைட். செர்ரி என்றதும் மனத்தில் எழும் சித்திரத்தில் இது எதையும் நிறைவேற்றாது. இலையின் ஓரத்தில் பல் இல்லை. பூ மிகச் சிறியது, இதழ் இருப்பதே கண்ணுக்குப் படாது. பழம் உயரத்தைவிட அகலம் கூடியது, அணில் சுவைக்கலாம், நமக்கு ஆகாது. ஆனால் இலையின் அடியில் இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன. பட்டையைச் சிறிது சீவினால் கசப்பு வாதுமை மணக்கிறது. பழத்துக்குள் ஒற்றைக் கொட்டை. செர்ரி போலவே தோன்றும் சாலையோர மரம் செர்ரி அல்ல. செர்ரி போலவே இல்லாத சோலை மரம் அந்த வம்சம். இதன் ஆப்பிரிக்க உறவினரின் பட்டை புராஸ்டேட் வீக்க மருந்துக்காக உரிக்கப்பட்டு, 1995இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டிய நிலைக்கு வந்தது.

குருபரப்பள்ளியில் இந்த வேலையைத் தொடர விரும்பும் ஆசிரியருக்கோ மாணவருக்கோ நடைமுறை யோசனை ஒன்று. மரத்தின் பெயரைக் குறித்தால் போதாது. நட்டதா, தானே முளைத்ததா, மதிலோரமா, கரடா, அருகில் எத்தனை கன்றுகள் என்பதையும் அதே சீட்டில் எழுத வேண்டும். பிறகு பழைய பதிவுகளோடு ஒப்பிட வேண்டும். கேம்பிள் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவரத் தொகுதி இருக்கிறது. திருச்சி ராபினாட் உலர்தாவரத் தொகுப்பின் கே.எம். மேத்யூ பாதிரியார் எழுதிய தமிழகக் கர்நாடகச் சமவெளித் தாவர நூல்கள் இருக்கின்றன. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் உலர்தாவரத் தொகுப்பும் இருக்கிறது. தேடும்போது 'கிருஷ்ணகிரி மாவட்டம்' என்று தேடினால் 2004க்கு முந்தைய எதுவும் அகப்படாது. 1965இலிருந்து 2004 வரை இந்த ஊர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. அதற்கும் முந்தைய களாக் கிளை ஏதேனும் இந்தப் பக்கத்திலிருந்து பறித்து ஒட்டப்பட்டிருந்தால், அதன் சீட்டில் சேலம் என்றுதான் எழுதியிருக்கும்.